ஐந்தாவது விதி

கோட் சுஜான்
9 பிப்ரவரி 1964

அன்புத் தம்பி தேஜ்வந்துக்கு,

வாஹேகுருஜி கா கால்ஸா, வாஹேகுருஜி கீ ஃபதே. இங்கே அப்பாவும் நானும் குளிரைச் சபித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அமிர்தசரஸில் நீ, ரவேல், குழந்தை பம்மி மூவரும் சுகமாக இருக்கக் குருவை வேண்டிக்கொள்கிறேன். பம்மிக்கு இருமல் விட்டதா?

நீ குருத்வாரா சீர்திருத்தச் சபையின் செயலாளர் ஆகிவிட்ட செய்தி உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. மோகா சந்தைக்குப் போன ஜைமல் சித்தப்பா கேள்விப்பட்டு வந்து, குருத்வாரா வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கத்திச் சொன்னார். சாயங்காலம் எல்லாருக்காகவும் வேண்டுதல் சொல்லும்போது அப்பா உன் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் என்னிடம் வந்து, "நசீபோ, இன்னைக்குப் பிரசாதத்துல நெய்யைக் கொஞ்சம் தாராளமா விடு" என்றார். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊருக்குக் குரு கிரந்தத்தை வாசிக்கும் கிரந்தியாக இருந்தும், நெய்க்குக் கமிட்டி கணக்குக் கேட்குமோ என்று பயந்தே வாழ்ந்த மனிதர்.

உன் சபை வேண்டியதுதான். போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அகண்ட பாராயணம் வைத்தார்கள். இரண்டு நாள் இரவும் பகலும் விடாமல் வாசித்தால் கிரந்தம் முடியும். அந்த ஊர்க் கிரந்தியும் அவர் கூட்டி வந்த ஆட்களும் ஆறு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். எத்தனை பக்கத்தை விழுங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கேட்டதற்கு, "வேகமா வாசிச்சோம்" என்றாராம். சாராய வாடை அடித்ததாம். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "துடைப்பத்தை எடுத்தவன் நம்ம வீட்டுப் பிள்ளை. நல்லாக் கூட்டட்டும்."

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் நாளும் வழக்கம்போல் போகிறது. மாமியார் வீட்டிலிருந்து விதவையாய் நான் திரும்பி வந்து ஒன்பது வருடம். காலையில் அப்பா கிரந்த சாகிபைத் திறந்து அன்றைய வாக்கை வாசிக்கிறார். நான் பின்னால் நின்று சாமரம் வீசுகிறேன். துடைப்பம் எல்லா மூலைக்கும் வருமா, சில மூலைகளை விட்டுவிடுமா என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
நசீப் கவுர்


அமிர்தசரஸ்
1 மார்ச் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபதே ஏற்றுக்கொள். பம்மிக்கு இருமல் நின்றது, இப்போது வாய்தான் நிற்கவில்லை. அப்பாவின் கால்களைத் தொட்டு வணங்குகிறேன்.

எல்லா மூலைக்கும் வரும், அக்கா. ஒரு மூலையை விட்டாலும் அது துடைப்பம் அல்ல, கண்துடைப்பு. நம் நிலைமையைப் பார். கிரந்தியை அமர்த்துவதும் துரத்துவதும் கமிட்டியில் இருக்கும் நிலக்காரர்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கிரந்தம் எழுதப்பட்ட குர்முகி எழுத்தே தெரியாது. ஆகவே எழுத்துத் தெரியாத கிரந்தி வந்தாலும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. ஜனங்களும் குருவின் சொல்லைத் தாங்கள் வாசிப்பதை விட்டுவிட்டு, கூலிக்கு ஆள் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இதற்காகவா நம் முன்னோர்கள் குருத்வாராக்களைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்ட மகந்துகளிடமிருந்து அவற்றை மீட்க உயிரைக் கொடுத்தார்கள்?

எங்கள் திட்டம் எளிமையானது. எங்கள் பகுதியிலுள்ள ஒவ்வொரு கிரந்தியும் தேர்வுக்கு உட்கார வேண்டும். தேர்வாளர் கிரந்தத்தை ஏதாவது ஓரிடத்தில் திறப்பார். அந்தப் பக்கத்தை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஐந்தாவது விதியை நானே எழுதினேன்: பக்கத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடமாகச் சொல்வது வாசிப்பு ஆகாது. பக்கங்களை விழுங்குகிறவர்கள் எல்லாரும் மனப்பாடக்காரர்கள்தான். தேறியவரை அதன் பிறகு எந்தக் கமிட்டியும் அசைக்க முடியாது. தேறாதவர் விலக வேண்டும்.

அப்பாவுக்கு இதில் லாபம்தான். கமிட்டியில் பச்சித்தர் சிங்கின் முகச்சுளிப்புக்கு அவர் இனி அஞ்ச வேண்டியதில்லை. ஆமாம், உன் கடிதத்தின் அடியில் அப்பா எப்போதும் தன் கையால் இரண்டு வரி எழுதுவாரே, வெகுநாளாக ஏன் எழுதுவதில்லை?

உன் தம்பி,
தேஜ்வந்த்


கோட் சுஜான்
22 மார்ச் 1964

அன்புத் தம்பிக்கு,

ஃபதே. நாங்கள் சௌக்கியம். கடுகு அறுவடை முடிந்தது. பம்மிக்கு இரண்டு பாவாடை தைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. குளிரினால் இருக்கும்.

கமிட்டித் தலைவர் பச்சித்தர் சிங் உன் திட்டத்தைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். அவருடைய அண்ணன் மகன் குல்பீர் எங்கேயோ ஆறு மாதம் படித்துவிட்டு, தலைப்பாகையை மட்டும் கற்றறிந்த கியானி மாதிரி கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். குருத்வாராவுக்குப் பின்னால் இருக்கும் நம் இரண்டு அறையை நடந்து அளந்து பார்த்ததை நானே பார்த்தேன். "என்ன குல்பீரு, அளவெடுக்கறியா?" என்றேன். "இல்ல அக்கா, சுவர்ல விரிசல் இருக்கேன்னு பார்த்தேன்" என்றான். அவன் கண்ணுக்கு விரிசல் மட்டும் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தேர்வின்போது சாமரம் வீசுகிறவர் வழக்கம்போல் பின்னால் நிற்கலாம்தானே? கிரந்தமாகக் குரு அவையில் வீற்றிருக்கும்போது சாமரம் இல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. விதியில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால், இப்போதே எழுதிவிடு.

அக்கா,
நசீப்


அமிர்தசரஸ்
17 ஏப்ரல் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபதே. வைசாகிப் பண்டிகைக்கு வர முடியாததற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேள். மேடை மேடையாகப் பேச வேண்டியிருந்தது. தொண்டை கட்டிவிட்டது, ரவேல் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். மற்றபடி நலம்.

சாமரம் வீசுகிறவரைப் பற்றி நீ கேட்டதைப் படித்துச் சிரித்தேன். தேர்வில் அது ஒரு கேள்வியா? அதெல்லாம் அந்தந்த ஊர்க் கமிட்டியின் ஏற்பாடு.

தேர்வுகள் தொடங்கிவிட்டன. முதல் சுற்றில் நாற்பத்தொரு பேர், அதில் இருபத்தாறு பேர் தேறவில்லை. ஒருவர் பதினைந்து வருடக் கிரந்தி. பக்கத்தைத் திறந்து கொடுத்தால், வேறு எதையோ கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தேறாதவர்கள் கூட்டம் கூட்டுகிறார்கள். "செயலாளர் ஊரான் வீட்டுக் கூரையைத்தான் பிரிப்பாரு, தன் அப்பன் வீட்டுப் பக்கம் வரமாட்டாரு" என்று ஒருவர் மைக்கில் பேசியிருக்கிறார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்த சுற்றில் முதல் பெயர் பாயி கேஹர் சிங், கோட் சுஜான். என் தந்தை. ஊர் முழுக்கக் கூடியிருக்க, எல்லார் முன்னிலையிலும் தேர்வு நடக்கட்டும். அப்பா வாசித்தால் அந்தப் பகுதியில் அதற்குப் பிறகு யாராவது வாய் திறப்பார்களா? சபையில் சொன்னேன், கைதட்டினார்கள். நான் உறவுக்காரன், ஆகையால் அன்று வரமாட்டேன். வேறு இருவர் வருவார்கள்.

அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

தேஜ்வந்த்


கோட் சுஜான்
30 ஏப்ரல் 1964

தம்பி,

ஃபதே. உன் தொண்டை சரியாகட்டும். இதைத் தனியாக இருக்கும்போது படி, ரவேலிடம்கூட இப்போது சொல்லாதே.

அப்பாவுக்குக் கண் தெரியாது. மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போனது. மோகாவில் கண் மருத்துவர் நரம்பு செத்துவிட்டது, அறுவை செய்தும் பயன் இல்லை என்றார். கமிட்டிக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். உனக்குச் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய் என்று அப்பா பயந்தார். அதனால்தான் என் வாயைக் கட்டினார், நீ வந்த நாட்களிலும் குரலை வைத்தே உன்னிடம் சமாளித்தார்.

காலையில் அவர் கிரந்தத்தைத் திறப்பார். குரு எந்தப் பக்கத்தைத் தருகிறாரோ அது அவருக்குத் தெரியாது. சாமரத்தோடு குனிகிறபோது எனக்குத் தெரியும். இடது பக்கத்தின் மேலே இருக்கிற பாட்டின் முதல் இரண்டு சொல்லை மெல்லச் சொல்வேன். பாட்டு முந்தின பக்கத்தில் ஆரம்பித்திருந்தால் அந்தப் பக்கத்தின் சொல்லைச் சொல்வேன், அவர் தாளைத் திருப்புவார். மிச்சம் எல்லாம் அவரிடமே இருக்கிறது. ஆயிரத்து நானூற்று முப்பது பக்கமும் இருக்கிறது, தேஜு. மூன்று வருடத்தில் ஒரு எழுத்தை விட்டதில்லை. விட்டால் எனக்குத் தெரியும், நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன்.

இது பொய்யா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொல் சரி, பொருள் சரி, பக்கம் சரி. கண் மட்டும் என்னுடையது.

இப்போது நீ அவரை ஊர் நடுவில் உட்கார வைக்கப் போகிறாய். பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடு. மரியாதையோடு அவரே விலக ஆறு மாதம் கொடு. அவர் இடத்துக்கு நான் தேர்வுக்கு உட்காருகிறேன். சிரிக்காதே. மூன்று வருடமாக இந்த ஊருக்கு வாக்கை வாசிப்பது பாதி நான்தான். பொருளும் அப்பாவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். உன் விதிகளில் பெண் கூடாது என்று எங்கேயும் இல்லை. குருவின் முன்னால் ஆணும் பெண்ணும் ஒன்று என்று நீதான் மேடை மேடையாகத் தொண்டை கட்டப் பேசுகிறாய்.

உடனே பதில் போடு. நீ எழுதும் ஒரு வரியில்தான் அப்பாவின் மானம் இருக்கிறது.

நசீப்


கோட் சுஜான்
4 ஜூன் 1964

தம்பிக்கு,

ஃபதே. உங்கள் எல்லாருடைய நலத்தையும் வேண்டுகிறேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. என் கடிதம் கிடைத்ததா?

உன் சபையின் பட்டியல் மட்டும் கிடைத்தது. அப்பா பெயர்தான் முதலில். ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை.

நான் உனக்கு எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "முதல் பேரு நம்ம பேராம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "பய தைரியசாலி" என்றார். நல்ல நீலத் தலைப்பாகையைத் துவைக்கச் சொல்லியிருக்கிறார்.

நசீப்


அமிர்தசரஸ்
15 ஜூன் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபதே. நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை இத்தனை நாளும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சபைக் கூட்டத்துக்கும் அதோடுதான் போனேன். சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன், வேறு எதையோ பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தந்தையின் பெயரை நானே சேர்த்து, நானே எடுத்தால், அந்த இருபத்தாறு பேர் என்ன சொல்வார்கள்? அவர்களில் கண் மங்கினவர்களும் இருந்தார்கள், அக்கா. அவர்கள் பிள்ளைகளும் எனக்குக் கடிதம் எழுதினார்கள். விதி விதிதான் என்று பதில் போட்டேன்.

அப்பாவே உடல்நலம் சரியில்லை என்று விலகிக்கொள்ள மாட்டாரா? கேட்டுப் பார்.

உன் தேர்வைப் பற்றி: விதியில் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் காலம் இன்னும் கனியவில்லை. இப்போது நான் அதை எடுத்தால், தேறாதவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்சம் பொறு.

பயப்படாதே. நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன், அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அன்றைக்கு நீ எப்போதும்போல் சாமரத்தோடு நில். யாரும் தடுக்க மாட்டார்கள்.

தேஜ்வந்த்


கோட் சுஜான்
1 ஜூலை 1964

தேஜ்வந்துக்கு,

ஃபதே. நடந்ததைச் சபையின் அறிக்கையில் இரண்டு வரியாகப் படித்திருப்பாய். முழுவதையும் நான் எழுதுகிறேன்.

விலகச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். "என் மகன் கூப்பிட்டுட்டு, நான் போகாம இருந்தா அவன் தலை குனியும்" என்றார். நீலத் தலைப்பாகையை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. வெளியூர்க் கிரந்திகள் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் தேர்வாளர்கள் இருவரும் மரியாதையானவர்கள், குறை சொல்ல மாட்டேன். நான் சாமரத்தை எடுக்கப் போனேன். பச்சித்தர் சிங் எழுந்தார்.

"அம்மாடி, நீ பொம்பளைங்க பக்கம் போய் உட்காரு. இது தேர்வு. சாமரத்தைக் குல்பீர் வீசட்டும்."

"தினமும் நான்தானே வீசறேன் மாமா."

"தினமும் தேர்வா நடக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் கலக்கம் வந்தது, பிறகு போய்விட்டது. எப்படிப் போனது என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் அவரே சொன்னார். குல்பீர் குனிந்து அவர் காதில், "பாயிஜி, கவலைப்படாதீங்க. உங்க மகன் எங்களுக்கு எழுதியிருக்காரு. முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுக்கறேன்" என்றானாம். உன் பெயரைச் சொன்னதும் அவர் நம்பிவிட்டார்.

தேர்வாளர் பக்கத்தைத் திறந்தார். குல்பீர் குனிந்தான். அப்பா ஆரம்பித்தார். என்ன குரல் அன்றைக்கு. முன்வரிசையில் கேலிக்கு வந்தவர்கள் கையைக் கூப்பிக்கொண்டு விட்டார்கள். ஒரு பாட்டு முழுவதும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பொருளும் சொன்னார். நான் தூரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்.

தேர்வாளர் முகம் வெளுத்துப் போயிருந்தது. மெதுவாகக் கேட்டார்: "பாயிஜி, இந்தப் பக்கத்துல இருக்கறது இது இல்லையே."

"பின்ன எது இருக்கு?" என்றார் அப்பா.

அவையில் ஒரு பெண், "ஐயோ, கண்ணு" என்றாள். இளைய தேர்வாளர் பக்கத்தில் இருந்த முதல் வரியை வாசித்தார். அப்பா அவர் வாயிலிருந்து அதை வாங்கி, கடைசி வரை சொல்லி முடித்தார். அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவர் உன் தாளை எடுத்து ஐந்தாவது விதியைப் படித்தார்.

"யாரு எழுதின விதி இது?" என்று அப்பா கேட்டார்.

"செயலாளர் தேஜ்வந்த் சிங், பாயிஜி."

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். பட்டுத் துணியைத் தடவித் தடவி கிரந்த சாகிப்மேல் போர்த்தினார். நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த பச்சித்தர் சிங்கிடம், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'என் தந்தைக்குப் பார்வை இல்லை. அக்கா சாமரத்தோடு பின்னால் நிற்க அனுமதிக்க வேண்டும். பெரிய மனது வைத்து இதை நமக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.'

சபையில் எழுந்து சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. விதியை உடைக்கவும் தைரியம் இல்லை, காக்கவும் தைரியம் இல்லை. அதனால் திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, நீ அமிர்தசரஸில் கைகழுவிக்கொண்டாய். மூன்று வருடம் நான் மூச்சுக்குள் வைத்துக் காத்ததை, தம்பி.

உன் பெயரைக் குல்பீர் பொய்யாகச் சொன்னான் என்றே அப்பா நினைக்கிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அதை நீயே சொல்.

நசீப்


கோட் சுஜான்
18 ஆகஸ்ட் 1964

தேஜ்வந்துக்கு,

ஃபதே. குழந்தைக்கும் ரவேலுக்கும் என் அன்பு.

ஏழு வாரமாக நீ எழுதவில்லை. என்மேல் கோபம் என்றால் இருக்கட்டும்.

ஊருக்கு வெளியே குளத்தங்கரையில், துப்புரவு வேலை செய்கிறவர்களின் தெருவில் இருக்கிறோம். அவர்களும் சிங்குகள்தான், ஆனால் பெரிய குருத்வாராவில் பந்திக்கு உட்கார்ந்தால் கடைசி வரிசை. அதனால் தங்களுக்கென்று ஒரு சின்ன அறை கட்டிக் கிரந்த சாகிபை வைத்திருக்கிறார்கள். வாசிக்க எந்தக் கிரந்தியும் போக மாட்டான். உன் தேறிய கிரந்திகளும்தான். அவர்களே வந்து அப்பாவை அழைத்தார்கள். "கண்ணு போச்சேப்பா எனக்கு" என்றார். அவர்களில் ஒரு பெண், "எங்களுக்குக் கண்ணு இருந்தும் எழுத்துத் தெரியாது பாயிஜி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இங்கே பக்கத்தைப் பார்த்து நான் வாசிக்கிறேன், அப்பா பொருள் சொல்கிறார். யாரும் தேர்வுக்கு வரவில்லை.

ஊர்க் குருத்வாராவில் குல்பீர் வாசிக்கிறான். பாட்டு முந்தின பக்கத்தில் ஆரம்பித்தால் தாளைத் திருப்புவதில்லை, பாதியிலிருந்தே அடித்து விடுகிறான். ஊர் தலையாட்டுகிறது.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. மதியம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்காருகிறார். கேட்பது ஒன்றும் இல்லை. மணி தெருவைத் தாண்டிப் போனதும் மறுபடி படுத்துக்கொள்கிறார்.

இரண்டு வரி எழுது. மன்னிப்புக் கேட்டு எழுது. அது முடியாவிட்டால் என்னைத் திட்டியாவது எழுது, வாசிக்கும்போது நான் மாற்றிக்கொள்கிறேன்.

நசீப்


அமிர்தசரஸ்
22 நவம்பர் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபதே. இங்கே நாங்கள் நலம். அப்பாவும் நீயும் நலம் என்று நம்புகிறேன். அப்பாவின் பாதங்களுக்கு என் வணக்கம்.

எழுதக் கூடாது என்று இல்லை. உட்காருவேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். பிறகு வேலை இழுத்துக்கொண்டது. எங்கள் திட்டத்தை மற்ற மாவட்டங்களும் கேட்கின்றன. தன் தந்தைக்கும் விதிவிலக்குக் கொடுக்காத செயலாளர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதை உனக்கு அனுப்பவில்லை.

இரண்டு நல்ல செய்திகள். தேறிய கிரந்திகள் போதவில்லை, ஆகவே பெண்களும் தேர்வுக்கு உட்காரலாம் என்று போன வாரம் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தது நான்தான். உன் விண்ணப்பத்தை உடனே அனுப்பு. உள்ளூர்க் கிரந்தியின் நற்சான்றுக் கையெழுத்து மட்டும் வேண்டும். குல்பீரிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, ஜனவரியில் பழைய கிரந்திகளுக்கு மேடையில் மரியாதை செய்கிறோம். அப்பாவுக்கு முதல் மரியாதை. நீ அவரை அழைத்துக்கொண்டு வா. ரயிலடிக்கு நானே வருகிறேன். அவருக்கு என்மேல் கோபமா, அக்கா? நீ அதை எழுதவே இல்லை.

உன் தம்பி,
தேஜ்வந்த்


கோட் சுஜான்
1 டிசம்பர் 1964

தேஜ்வந்த் சிங்குக்கு,

ஃபதே. உன் கடிதம் கிடைத்தது.

அப்பா நவம்பர் ஆறாம் தேதி காலையில் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பாடைக்குத் தெரு ஆண்கள் தோள் கொடுத்தார்கள், ஜைமல் சித்தப்பா தீ வைத்தார். தந்தி கொடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பத்து நாள் முழுப் பாராயணத்தையும் நான் ஒருத்தியே பக்கம் பார்த்து வாசித்து முடித்தேன். ஊர்க் குருத்வாராவிலிருந்து கூடப் பத்துப் பேர் வந்து, இந்தத் தெருக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பச்சித்தர் சிங் வரவில்லை.

விண்ணப்பம் அனுப்ப மாட்டேன். குல்பீர் எனக்கு நற்சான்று கொடுக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியதற்குத்தான் உன் சபை சீர்திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறது என்றால், அது நீண்ட நாள் வாழட்டும்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

ஆகஸ்டுக் கடைசியில் ஒரு நாள் தபால்காரர் நம் வாசலில் நின்றார். விதைக் கடை விளம்பரத் தாள் ஒன்று. அப்பா எழுந்து உட்கார்ந்து, "தேஜுவா?" என்றார். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டார். நான் அந்தத் தாளைப் பிரித்து, "ஆமாம்ப்பா" என்றேன். கோதுமை விதையின் படத்தைப் பார்த்துக்கொண்டே உன் கடிதத்தை வாசித்தேன். அதில் நீ ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சித்தர் சிங்குக்கு எழுதியதைச் சொன்னாய். பயந்துதான் அப்படிச் செய்தேன் என்றாய். அப்பா முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது என்றாய்.

"இன்னொரு தடவ வாசி" என்றார். அவரிடம் ஒரு சொல் மாற்ற முடியாது, உனக்குத் தெரியும். அதே சொற்களை அதே வரிசையில் மறுபடி சொன்னேன். அதற்காகவே அதை மனப்பாடம் செய்துகொண்டேன். அப்படி நான்கு கடிதம் வாசித்தேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிட நன்றாக வந்தது. "பய மனசு விட்டு எழுதறான்" என்று எல்லாரிடமும் சொன்னார். சோறு இறங்கியது.

நான்குக்கும் அவர் பதில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கடைசிப் பதில் ஒன்றரைப் பக்கம். உன்னை எப்போது மன்னித்தார், ஏன் மன்னித்தார், நீ சின்ன வயதில் செய்தது, அவர் உனக்குச் செய்யாமல் விட்டது எல்லாம் அதில் இருக்கிறது.

அவற்றை உனக்கு அனுப்ப மாட்டேன். எனக்கு அதற்கு உரிமை இல்லை. அந்தக் கடிதங்களை எழுதிய பிள்ளைக்கு அவர் சொன்ன பதில் அது. உனக்கென்று அவர் ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நசீப் கவுர்